ஐந்தாவது வருடத்துச் சிறுபாலம்

கூடப் பிறந்ததால் மட்டுமல்ல, ஒரே தாளில் கூடவே கையெழுத்துப் போட்டதாலும் என்னை விட்டு விலகாத என் அண்ணாவுக்கு,

நேற்று நம் பஞ்சாயத்து ஆபீசில் வரவு செலவுக் கூட்டம் நடந்தது. நீ உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நீ போன பிறகு, துணைத் தலைவர் என்ற முறையில் தலைவர் வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. கூட்டத்தில் நான் செய்த காரியத்தை உனக்குச் சொல்ல வேண்டும். கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உயிரோடு இருந்தபோது யார் மேலும் காட்டாத கோபத்தை இப்போதாவது என் மேல் காட்டு.

இதை எழுதிப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைத் தங்கமான மனுசன் என்று சொல்லிச் சொல்லி அழுகிறார்களே, அவர்கள் முதலில் படிக்கட்டும்.

நம் மலையில் சாமிக்கு ஆடு வெட்டினால் கறியைக் கூறு போடுகிறவன் கடைசிக் கூறைத்தான் எடுப்பான். எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு இலையில் எது மிஞ்சுகிறதோ அது அவனுக்கு. அப்போதுதான் ஒரு கூறில் எலும்பும் இன்னொரு கூறில் ஈரலும் போய்ச் சேராது. நல்ல வழக்கம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து வருடத் திட்டத்துக்குள் நுழைத்தாயே, அதைத்தான் சொல்கிறேன்.

கறிக் கூறில் கடைசி ஆளுக்கும் அன்றைக்கே குழம்பு கொதித்துவிடும். திட்டத்தில் கடைசி ஆள் ஐந்து மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும். இந்த வித்தியாசம் உனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? எட்டாவது வரை படித்த எனக்கே தெரிகிறதே. அல்லது தெரிந்துதான் செய்தாயா?

திட்டம் எழுதிய அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாம் ஜெயித்து வந்த புதிது. மோட்டார் கரண்ட் பில், தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் போக மிஞ்சுகிற மானியத்தில் வருடத்துக்கு ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும் என்று செயலர் எழுதிக் காட்டினார். பஞ்சாயத்தில் ஊர்கள் ஐந்து. எந்த ஊருக்கு எந்த வருடம் என்று வரிசை போட வேண்டும், அவ்வளவுதான்.

செயலர் உன்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "தலைவரே, மழை புடிச்சா ஓடையைத் தாண்ட முடியாத ஊரு உங்க கீழ்க்காடு ஒண்ணுதானுங்க. அவசரத்தை வச்சு எழுதுனா உங்க சிறுபாலம்தானுங்க முதல்ல வரோணும்."

நீ சிரித்தாய். "கூறு போடறவன் முதல்ல கைய நீட்டுனா நல்லாவா இருக்குமுங்க? எங்கூரைக் கடைசியில எழுதுங்க" என்றாய்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். என் அண்ணனைப் போல ஒருத்தன் நம் மலையில் இந்த ஆலத்தூர் நாட்டு ஊர்கள் எதிலுமே கிடையாது என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் ஒருவன், "அண்ணனும் தங்கச்சியுமாச் சேந்து பஞ்சாயத்தையே ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க பாரு" என்று சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக நம் ஊரின் முப்பது அடுப்புக்கும் சேர்த்து நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். சாராயத்துக்கு ஆசைப்படுகிறவன் தன் ஊட்டை மட்டும்தான் அழிப்பான். நீ நல்லவன் என்ற பேருக்கு ஆசைப்பட்டாய்.

முதல் வருடப் பணத்தில் மேல்காட்டில் கோயில் முன்னால் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். மேல்காட்டுக்கு ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது, கால் வழுக்காமல் சாமி கும்பிடக் கல்தான் இல்லாமல் இருந்தது. அதற்கு நீதான் தேங்காய் உடைத்தாய். இரண்டாவது வருடம் இன்னோர் ஊரில் சமுதாயக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பியது. அதற்கும் நீதான். அந்தச் சுவரின் சுண்ணாம்பு காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்தது.

மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் உன்னை விரியன் கடித்தது. காலை ஏழு மணி இருக்கும். போர்வையை மூங்கிலில் தூளியாகக் கட்டி நாலு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்பை எதற்கு எடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் போனது. அக்கரையில் நூற்றெட்டு வண்டி வந்து நின்றுவிட்டது. டிரைவர் குடை பிடித்துக்கொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம் அண்ணா. மருந்து அந்தக் கரையில், நீ இந்தக் கரையில், நடுவில் உன் ஐந்தாவது வருடம்.

கயிறு கட்டி இறங்கிப் பார்க்கலாம் என்று பையன்கள் துணிந்தார்கள். நீதான் விடவில்லை. "என் ஒருத்தனுக்காக நாலு உசுரு எதுக்கு சாமி? தண்ணி எறங்கட்டும்" என்றாய். சாகப் போகிற நேரத்திலும் கடைசிக் கூறையே எடுத்தாய். தண்ணீர் இறங்குகிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். "எறங்குதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாலையோடு வந்தார்கள். யூனியன் ஆபீசிலிருந்தும் வந்தார்கள். கீழே துறையூரிலிருந்து உன் மிளகு வாங்குகிற பாயும் வந்து, அண்ணியின் முன்னால் வார்த்தை வராமல் நின்றுவிட்டுப் போனார். உன்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாமல் போனவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது.

அண்ணி இரண்டு மாதமாக ஓடைப் பக்கம் போவதில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்காமல் காட்டிலேயே கிடக்கிறது. உன்னை யாராவது புகழ்ந்தால் அண்ணி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறாள். ஒரு நாளைக்கு அந்த மாடு எத்தனை தரம் தண்ணீர் குடிக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

நேற்றைய கூட்டத்துக்கு வருகிறேன். மூன்றாவது வருடப் பணம் பாறைப்பட்டிக்கு ரோடு போட என்று உன் திட்டத்தில் இருக்கிறது. கீழ்க்காட்டுச் சிறுபாலத்தை இந்த வருடத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்றேன். உனக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள்தானே, தலையை ஆட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மேல்காட்டு மெம்பர் பெரியசாமி தொண்டையைச் செருமினார். "அதெப்புடி அம்மிணி? இப்பக் கூறு போடறது நீதானே. உங்கூரு கடைசியிலதானே வரோணும்? உங்கண்ணன் வச்ச வழக்கமாச்சே?"

நான்கு பேர் ஆமாம் என்றார்கள். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை, உண்மையாகவே அதுதான் நியாயம் என்று நினைத்துச் சொன்னார்கள். பார்த்தாயா, நீ விட்டுப் போன சொத்தை?

அதோடு நிற்கவில்லை. மேல்காட்டு பஸ் ஸ்டாப்பில் உன் பெயரில் ஒரு நிழற்குடை கட்ட வேண்டும் என்று பெரியசாமியே தீர்மானம் கொண்டு வந்தார். "தலைவர் பேரு நாளைக்கும் நிக்கோணுமில்லீங்க" என்றபோது அவர் கண் கலங்கியது. ஓடையைத் தாண்ட முடியாமல் செத்தவனுக்கு மேட்டில் நிழற்குடை. எனக்கு வாய் விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

நான் சிரிக்கவில்லை. வியாபாரம் பேசினேன். சிறுபாலத்துக்கு நீங்கள் கை தூக்கினால் நிழற்குடைக்கு நான் கை தூக்குகிறேன் என்றேன். ரோடு வரும்வரை கால் வைத்து நடக்கப் பாறைப்பட்டிப் பாதையில் கல் அடுக்க வைத்திருந்த சின்னத் தொகையை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பெரியசாமி கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள். ஆமாம், உன் பெயரை விற்றுத்தான் ஓட்டு வாங்கினேன். வேறு எதற்கும் அது பயன்படவில்லையே.

பாறைப்பட்டி ரோடு ஐந்தாவது வருடத்துக்குப் போயிற்று. அடுக்க இருந்த கல்லும் போயிற்று. அந்த ஊர் மெம்பர் செல்லம்மாள் மட்டும் கையைத் தூக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகும் அவள் எழவில்லை.

"என் மகளுக்கு வயித்துல ஏழு மாசம் நடக்குது, உனக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியுமக்கா."

"அந்தப் பாறையில அவளை எப்புடித் தூக்கிட்டு வருவோம்? எங்கூட்டுலயும் ஒண்ணு போனாத்தான் எங்கூரை முன்னாடி எழுதுவியா?"

நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து மறுபடியும் வரிசையை மாற்றியிருப்பாய். அவள் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். நான், "ஆமாக்கா. எங்கூட்டுல போனதுக்குத்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. சேலையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். டீயும் குடிக்கவில்லை. பாறைப்பட்டிக்கு அவள் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும்.

நான் செய்தது நியாயமா என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. நியாயம் இல்லை என்று எனக்கே தெரியும். உன் நியாயம் உன்னைக் கொன்றது, என் அநியாயம் யாரைக் கொல்லப் போகிறதோ தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்திருக்குமா அண்ணா? அன்றைக்கு அந்த முதல் கூட்டத்திலேயே அவசரத்தை வைத்து வரிசை எழுதியிருந்தால், பாலம் முதல் வருடமும் பாறைப்பட்டி இரண்டாவது வருடமும் முடிந்திருக்கும். செல்லம்மாள் இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருப்பாள். பேவர் பிளாக் எங்கேயும் ஓடிப் போயிருக்காது.

சிறுபாலத்தில் உன் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று அண்ணியின் தம்பி வந்து கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டேன். பெயர் இருந்தால் தாண்டிப் போகிறவர்கள் நீதான் கட்டினாய் என்று நினைப்பார்கள். நீ கட்டவில்லை. மேல்காட்டில் ஜனங்கள் காத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் உன் பெயர் இருக்கட்டும். அதுதான் உனக்குப் பொருத்தம்.

இவ்வளவு திட்டிய பிறகும் உன் மேல் இருக்கிற பாசம் ஒரு துளி குறையவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். நீ கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாய். கெட்ட அண்ணன் போதும் எனக்கு. ஊர் காறித் துப்பட்டும், நான் சோறு போட்டிருப்பேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். செல்லம்மாளின் மகளுக்கு எதுவும் ஆகக் கூடாது என்று நம் மலையில் இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகிவிட்டால், மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நிற்க மாட்டேன். வெறுங்கையோடு அவர்கள் வாசலுக்குப் போய், "உங்க ரோட்டைத் தள்ளி எழுதுனவ நான்தான், கல்லை வித்தவளும் நான்தான்" என்று செல்லம்மாள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அப்படிப் போய் அடிக்க எனக்கு ஓர் ஆளை நீ விட்டு வைக்கவில்லையே அண்ணா.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
கீழ்க்காடு வெள்ளையம்மாள்