சித்தப்பாவின் சிவப்பு நாடா

12 ஒக்டோபர் 1996, சனி

சித்தப்பாவின் றைபிளுக்குக் குண்டு அடைக்கும் மகசீன்கள் நான்கு. ஒஷாவாப் பக்கம் உள்ள துப்பாக்கிக் கிளப்பில் கோடை முழுக்கச் சுட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் குண்டு சிக்கியது. அதற்குச் சிவப்பு நாடா ஒட்டி ஒதுக்கினார்.

"பெயில் விட்ட பிள்ளைக்குப் பொட்டு வேறயோ?" என்று நக்கலடித்தேன். நேற்று அந்த நாடாவை உரித்து ஒரு நல்ல மகசீனில் ஒட்டிவிட்டேன்.

இன்று அவருக்கு முதல் போட்டி. கெட்டதை நல்லதென்று நம்பிப் போட்டார். இரண்டு தரம் சிக்கியது. நேரம் முடிந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்.

காரில் சொன்னார்: "என்ர பிழையடா. மாறி ஒட்டிப்போட்டன் போல. வேலையிடத்து ஆக்களையும் கூப்பிட்டனான்."

"பரவாயில்லை சித்தப்பா," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாடாவைக் கிழித்தெறிந்தார். "இனி முதலிலயிருந்து பாக்கவேணும்," என்று நான்கையும் மேசையில் அடுக்கினார். இன்னும் கீழே பேஸ்மென்றில் அவற்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அடியில் கீறல் உள்ளதுதான் கெட்டது. அதைச் சொல்லப் படியில் பாதிவரை இறங்கிப் போனேன். திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.