ஏழுமலை மேல் எனக்கு வயிற்றெரிச்சல்

என் ஆசைக் கன்னியம்மாவுக்கு,

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் தேசம்மா, பக்கத்து வீட்டு ஏழுமலையின் பெண்சாதி. நீ போன பிறகு வாக்கப்பட்டு வந்தவள்.

ஒரு சேதி. போன மழைக்கு ஊர் முழுக்கச் சளிக்காய்ச்சல். தேசம்மாவுக்கும் வந்தது, போனது. பிறகு அவள் கையிலும் தொடையிலும் நாவற்பழத்தை நசுக்கினாற்போலத் திட்டுத்திட்டாக ஊதா. பல் துலக்கினால் ரத்தம். உன் உடம்பில் நான் பார்த்த அதே திட்டு, கன்னியம்மா.

ஏழுமலை அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு குறைந்திருந்ததாம். "எல்லாருக்கும் வர்ற சாதாரண வைரஸ்தான். சிலருக்கு அதுக்கப்புறம் உடம்பே தன்னோட தட்டணுவை அழிச்சிடுது. உங்களுக்கும் அதனால இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றாராம் டாக்டர். மருந்து கொடுத்தார்கள். தேறி வந்துவிட்டாள்.

இப்போது இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டைப் பிரிக்கிறார்கள். அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் என் வயிறு எரிகிறது. நண்டு அவன் விரலைக் கவ்வாதா என்றிருக்கிறது.

"நைனா, இதையும் எழுதணுமா?"

"எழுது. உன் புருஷன் படிக்கவா போறான்?"

"நான் படிச்சுக் காட்டுவேனே!"

காட்டட்டும்.

பெண்டாட்டி பிழைத்தாள் என்பதற்கு மட்டுமா எரிச்சல்? அந்தத் திட்டுகளைப் பார்த்து ஒருவரும் ஏழுமலையைச் சந்தேகப்படவில்லை. என்னை? "அவரு என்மேல கை வெச்சதே இல்லடா" என்று படுத்த படுக்கையில் உன் தம்பி தாசனிடம் நீ சொன்னாய். "புருஷனைக் காப்பாத்துது பாரு" என்றான். உன்னைப் பாடையில் தூக்குகிற நேரத்தில், "அடிச்சே கொன்னுட்டான்" என்று ஊர் நடுவே கத்தினான். அன்றிலிருந்து, தன் ஊரான தோணிரேவிலிருந்து இங்கே வந்தாலும் நம் வீட்டில் அவன் கை நனைத்ததில்லை.

உனக்கு வந்ததும் இதுதானா? இனி யார் சொல்வது?

தேசம்மாதான் என்மேல் கிடந்த பழி பொறுக்காமல், பழவேற்காட்டு மீன் ஏலத்தில் தாசனை மறித்து, திட்டுகளைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினாளாம்.

"வைரஸுனு டாக்டரு நிச்சயமா சொன்னாரா?"

"இருக்கலாம்னுதான் சொன்னாரு. நீ அன்னிக்கு இன்னா நிச்சயத்துல சொன்னே?"

நேற்று மத்தியானம் நம் வாசலில் வந்து நின்றான். தலை முழுக்க நரை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, தண்ணி குடு" என்றான். கொடுத்தேன். சொம்பு காலியாகும்வரை குடித்தான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அப்போதும் எரிச்சல்தான். ஏழுமலைக்குப் பெண்டாட்டி திரும்பி வந்தாள். எனக்கு மச்சான்தானே திரும்பி வந்தான்?

இருந்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மடவை மீன் குழம்பு வைத்து உன் தம்பியை உட்காரவைத்துச் சோறு போடுவேன். நீ சொன்னதை அவன் நம்பவில்லை என்ற கோபத்தை அவன் இலையில் பரிமாற மாட்டேன். ஏழுமலை மேலிருக்கிற எரிச்சலை மட்டும் விடச் சொல்லாதே.

உன் வீட்டுக்காரன்,
நேற்றிலிருந்து மறுபடியும் தாசனுக்கு மாமன்.