பின்பக்கம் தூக்கிய கார்

டெட்ராய்ட்
12 ஏப்ரல் 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் கார் பட்டறைக்கு வந்த ஹார்லன் என்ற வாடிக்கைக்காரன், தன் காரின் பின்பக்கத்தைத் தூக்க நீள ஷாக்கிள், அதாவது பின்சக்கர வில்பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டு, மாட்டச் சொன்னான். “வளைவில வால் வீசும்” என்றேன். “போடா புத்தகப்புழு, ஊரே இப்படித்தான் ஓட்டுது!” என்றான். முதலாளியும் அவன் பக்கம். மாட்டிவிட்டு, அவன் ஓட்ட நானும் ஏறினேன். முதல் வளைவிலேயே கார் சுழன்று ஒரு தபால்பெட்டியைச் சாய்த்தது. எனக்குக் கீறல்கூட இல்லை, அம்மாவிடம் சொல்லாதீர்கள். இறங்கியதும் அவன் கேட்கிறான்: “நிக்கும்போது அழகா இருக்குல்ல?”

நீங்களும் அதையேதான் நம் காரில் மாட்டியிருக்கிறீர்கள். அதில்தான் தங்கை டார்லா பள்ளிக்குப் போகிறாள்! பழைய ஷாக்கிள்கள் கொட்டகை அலமாரியில் இருக்கின்றன. ஞாயிறே மாற்றுங்கள். கார் தரையில் நின்றபிறகே போல்ட்டை இறுக்குங்கள். மாற்றியதும் டார்லாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

மதிய இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்,
வெர்னன்