மலைக்குப் பின்னால் நிற்கும் என்ஜின்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே மழை. பால் பாக்கெட் வாசலில் நனைந்து கிடந்தது. சாப்பாட்டு டப்பா வந்தது: சப்பாத்தி 4, முட்டைக்கோஸ், வெல்லம் போட்ட பருப்பு. வெல்லம் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. டப்பாக்காரம்மாவுக்கு என் நாக்கின் மேல் இரக்கமே கிடையாது.

ரொம்ப நாள் யோசித்த பொம்மை ரயில் என்ஜினை நேற்று கேம்ப் கடைத்தெருவில் வாங்கியே விட்டேன். நீல டீசல், ஒரு சாண் நீளம், முகப்பில் குட்டி விளக்கு. நான்கு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த பலகையைத் திறந்தேன். தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிற பலகை. ஜன்னல் பக்கம் என் ஸ்டூலும் கன்ட்ரோலரும். நடுவில் காகிதக்கூழில் நான் செய்த மலை. மலைக்கு அந்தப் பக்கம் சமையலறை வாசல்.

ஓட்டினேன். அழகாகக் கிளம்பி மலைக்குப் பின்னால் போனது. வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் சமையலறை வாசலுக்கு நேராக நிற்கிறது. எடுக்கலாம் என்று கை வைத்தேன், ஓட ஆரம்பித்தது. பத்துச் சுற்று விட்டேன். ஏழு தடவை நின்றது.

தொட்டால் ஓடுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒயர் தளர்ந்திருக்கிறது. புதுச் சரக்கு, வேறென்ன.

சாயங்காலம் செண்பகம் போன். கோவையில், மீனா வீட்டில். மகளின் பிரசவத்துக்கு ஆறு வாரம் என்று சொல்லிப் போனவள், நான்கு மாதம் ஆகிறது. 17ஆம் தேதி திரும்பி வர டிக்கெட் போட்டு வைத்திருக்கிறேன்.

"அந்த டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க. மீனா வேலைக்குப் போகணும்லா. தீவாளி வரைக்கும் இருந்துட்டு வாரேன்."

"உன் இஷ்டம்" என்றேன்.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. துணி காயவில்லை. ஹாலில் கொடி கட்டி, பனியன்களுக்கு அடியில் உட்கார்ந்து வேலை.

என்ஜினைப் பிரித்தேன். பார்த்தவை:
சக்கரம் – சுத்தம்.
சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள் – ஒன்று கொஞ்சம் விலகல், வளைத்துச் சரி செய்தேன்.
ஒயர்கள் – எல்லாம் இறுக்கம்.
மோட்டார் – தனியாக ஓட்டினால் கும்மென்று ஓடுகிறது.
எண்ணெய் – ஒரு சொட்டு. போதும்.

மூடினேன். ஓட்டினேன். அதே இடம்.

தண்டவாளத்தைச் சந்தேகப்பட வழியில்லை. பதினோரு வருடமாக இதே பலகை. பழைய சிவப்பு என்ஜின் ஒருநாள் கூட நின்றதில்லை. போசரி ஆலை டூல்ரூமில் முப்பத்தோரு வருடம் எனக்கு ஒரே விதி: கடைசியாக எது மாறியதோ அதுதான் குற்றவாளி. எத்தனை பேரை இதைச் சொல்லியே வாயடைத்திருக்கிறேன். கடைசியாக மாறியது என்ஜின்.

கீழ் வீட்டு ஷிண்டே காக்கு படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். வஹினி, அதாவது அண்ணி செண்பகம், எப்போது வருவாள் என்று தினமும் மராத்தியில் அதே கேள்வி. "வஹினி கதி யேணார்?"

"யேணார், யேணார்" என்று சொல்லி மேலே வந்துவிட்டேன். வருவாள், வருவாளாம்.

டிக்கெட்: கேன்சல் செய்யவில்லை. ஆப் திறக்க நேரம் எடுக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கேம்ப். வீடு இருக்கிற கோந்த்வாவிலிருந்து பஸ், பாதி வழிக்கு மேல் நின்றுகொண்டே. குடை ஒரு பக்கம், என்ஜின் டப்பா நெஞ்சோடு. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

கடைக்காரர் சண்டைக்கு வரவே இல்லை. தன் மேஜைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினார். கால் மணி நேரம், ஒரு தடவை நிற்கவில்லை. "எக்தம் மக்கன், அங்கிள்." வெண்ணெய் மாதிரியாம். அந்த என்ஜினுக்கு என் மானத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

பிறகு இந்தியில் ஒரு யோசனை சொன்னார். "வீட்டில் யாரையாவது அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கன்ட்ரோலரில் இருங்கள். இரண்டு பேர் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை."

வீட்டில் யாரையாவது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்ததும் செல்போனை ஒரு டம்ளரில் சாய்த்து, சமையலறை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்து வீடியோ எடுத்தேன். நான் ஸ்டூலிலேயே இருந்தேன், எழுந்து போகவில்லை. பிறகு போட்டுப் பார்த்தால் என்ஜின் வருகிறது, நிற்கிறது. பின்னால் செண்பகத்தின் நாற்காலி, அதன்மேல் நான் குவித்து வைத்திருக்கிற செய்தித்தாள்கள். நான்கு நிமிடம் அப்படியே. விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. யாரும் வரவில்லை. யார் வருவார்கள் என்று முழுதும் பார்த்தேனோ.

தனியாக இருக்கிறேன். எழுதினால் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஜூலை 12, சனி

நேற்று எழுதவில்லை. மூட்டு வலி, படுத்தே கிடந்தேன். நேற்று பேசியவர்கள்: பால்காரர், டப்பாக்காரம்மா. இரண்டு பேரிடமும் ஒரே சொல், "டீக் ஹை", சரி என்று.

காலையில் அவலைத் தாளித்துப் பொஹா செய்தேன். உப்பு மறந்தது. தூவிக்கொண்டு சாப்பிட்டேன்.

வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து பழைய சிவப்பு என்ஜினை எடுத்தேன். செ. போன பிறகு அதைத் தொடவே இல்லை. சக்கரம் துடைத்து வைத்தேன். புதியதுக்கு ஒரு பாடம் காட்டுவோம் என்று.

மலைக்குப் பின்னால் போனது. வரவில்லை.

எழுந்து போனேன். சமையலறை வாசல். அதே இடம், ஒரு விரல் கூட முன்பின் இல்லை. பதினோரு வருடம் நிற்காத என்ஜின்.

பலகை மேல் குனிந்து அந்தத் துண்டுத் தண்டவாளத்தை அழுத்தினேன். லேசாக ஆடுகிறது. இரண்டு முனையிலும் இணைப்பு தளர்வு, மின்சாரம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. இது நேற்று இன்று தளர்ந்ததில்லை. இணைப்பில் பச்சைக் களிம்பு, பல வருடத்துக் களிம்பு.

அப்படியென்றால் இத்தனை வருடம் எப்படி ஓடியது? புரியவில்லை.

டிக்கெட்: செய்யவில்லை. செ.யிடம் செய்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை கொஞ்சம் ஓய்ந்தது. காலை பத்துக்கு போன். பிள்ளைக்குக் காது குத்துவது, மீனா மாமியாரின் சர்க்கரை, இவை முடிந்ததும் நானாகப் பேச்சை எடுத்தேன்.

"சமையக்கட்டு வாசக் கிட்ட என்ஜின் நிக்குது. பழசும் நிக்குது."

"ஆமா, அங்கன நிக்கும்" என்றாள், பால் பொங்கும் என்பது மாதிரி.

"எப்பவுமேவா?"

"எப்பவுந்தான். நாந்தான் மேல ஒரு வெரல வச்சு அமுக்கி விடுவேன். போயிரும்."

"எத்தன வருசமா?"

"அதையெல்லாமா எண்ணுவாங்க? கீரை ஆயும்போது ஒரு கை சும்மாதான இருக்கும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா? பலகையப் பிரிச்சுப் போட்டு ஹாலையே ரணகளமாக்கி வச்சிருவீங்க. ஒரு வெரல்ல முடியுததுக்கு எதுக்கு அந்தப் பாடு?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஸ்டூலிலிருந்து பார்த்தால் மலை மறைக்கும். அந்தப் பக்கம் அவள் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் ஓட்டினேன். என் தண்டவாளத்தைப் போல் உண்டா என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றினேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் விதி தப்பவில்லை. கடைசியாக மாறியதுதான் குற்றம். இந்த வீட்டில் எது மாறியது என்று எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

"டிக்கெட் கேன்சல் பண்ணியாச்சுல்லா?" என்றாள் வைக்கும் முன்.

"பண்ணுதேன்."

நாற்காலி மேலிருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கட்டி வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். சால்டரிங் கம்பியைச் சூடாக்கினேன். அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் சின்ன ஒயர் பற்றவைத்தேன். இருபது நிமிட வேலை. ஹால் ரணகளம் ஆகவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டும்.

நீல என்ஜினை விட்டேன். மலைக்குப் பின்னால் போனது, வந்தது. போனது, வந்தது. நாற்பது சுற்று வரை எண்ணினேன். ஒரு தடவை நிற்கவில்லை. இனி யாரும் விரல் வைக்க வேண்டாம்.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் அங்கே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து என் ஸ்டூல் தெரியவில்லை. மலை மறைக்கிறது. அவளுக்கும் நான் தெரிந்திருக்க மாட்டேன்.

அங்கே இருக்கும்போதே போன்.

"சரி பண்ணியாச்சா?"

"இல்ல. அங்கனயேதான் நிக்குது."



"பின்னால கடகடன்னு என்னமோ ஓடுதே."

கன்ட்ரோலரை அணைக்கவில்லை நான். வகையாக மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்ட பிறகு என்ன வெட்கம்.

"டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணல" என்றேன். "பண்ணவும் மாட்டேன். ஒத்தையில எனக்கு முடியல. நீ வா."

அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. யாரோ தூக்கினார்கள், அழுகை தூரமாய்ப் போனது.

"போகும்போதே சொல்லிருக்கலாம்லா" என்றாள். பிறகு, "கீழ் பெர்த்தா?"

"கீழ் பெர்த்துதான்."

"பத்து நாளைக்குத்தான் வருவேன். மீனா பாவம், ஒத்தையாக் கெடந்து அல்லாடுவா."

உன் இஷ்டம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"பத்து நாளு போதாது" என்றேன்.