பரங்கிரி வேலன் சாட்சி

என் உயிருக்கு உயிரான கோமளம் அக்காவுக்கு,

நேற்று தல்லாகுளத்தில் ஒரு காப்பிக் கடையில் உன் பாட்டைக் கேட்டேன். கிராமபோன் பிளேட்டில் யாரோ ஒரு பெண் பாடினாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழவேண்டிய இடத்தில் அவள் சுரம் போட்டு விளையாடிவிட்டாள். "இது யாரு பாட்டுண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "யாரோ மெட்ராசுப் புலவர் கட்டுனதாம். பிளேட்டுலயே பேரு போட்டுருக்கே" என்றார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தப் பாட்டு பிறந்த அன்று உன்னோடு இருந்தவன் நான் ஒருவன்தான். திண்டுக்கல்லில் நாடகம் முடிந்து இறங்கும்போது அம்மா போய்விட்ட செய்தி வந்தது. ரயிலைப் பிடித்து மதுரைக்கு வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ரயிலில் வரும்போதே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ முனகியதுதான் பல்லவி. ஒப்பாரி என்றுதான் நினைத்தேன். காரியம் முடிந்து வந்து நீ முழுசாகப் பாடிக் காட்டியபோதுதான் அது பாட்டு என்று தெரிந்தது.

கடைசி அடியில் பாட்டுக் கட்டியவர் பெயர் வரவேண்டும் என்பது நம் நாடகக்காரர்களின் வழக்கம் அல்லவா? பெயரே முத்திரை. நீயோ 'பரங்கிரி வேலன் அறிவான் என் துயரே' என்று முடித்திருந்தாய். "ஒம் பேரப் போடுக்கா" என்றேன். "அம்மாவுக்கு அழுத அழுகையில எம் பேர எழுதிக்கிறதுக்கு வெக்கமா இருக்குடா. திருப்பரங்குன்றத்துச் சாமி பேரே இருக்கட்டும்" என்றாய்.

நானும் பெரிய பக்தன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு ஆர்மோனியத்தில் கையை வைத்துவிட்டேன். சாமியை நம்பியது தப்பா அக்கா? அச்சுக்கூடத்தை நம்பாதது தப்பா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மயானக் காட்சியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக நின்று நீ அதைப் பாடினால் கொட்டகையே மூக்கைச் சிந்தும். 'ஒன்ஸ்மோர்' கேட்டு விசில் பறக்கும். அப்போது முன்வரிசையில் ஒருவர் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். "ரசிகர்டா, பாவம்" என்று நீகூட அவரைப் பார்த்துக் கும்பிட்டாய். அவர் புத்தகக் கடைக்காரருடைய ஆள் என்று யார் கண்டது? பாட்டுப் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு புலவர் பெயர், கீழே 'காப்பிரைட்'. பிறகு பிளேட்டுக் கம்பெனி ஏஜெண்டு உன்னைப் பாடவைக்க வந்தபோது, புத்தகக் கடைக்காரர் அதைக் காட்டி மறித்தார். "அம்மாவுக்கு நான் அழுதது இன்னொருத்தன் சொத்தா?" என்று நீ வழக்குப் போட்டாய்.

புத்தகத்தில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவரையே ஆக்கியவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று நம் வக்கீல் முன்பே எச்சரித்தார். நீ கேட்கவில்லை. மதுரை அரண்மனை மகாலுக்குள் நடக்கும் கோர்ட்டில், அத்தனை பெரிய தூண்களுக்கு நடுவே, நீ சாட்சிக் கூண்டில் நின்றது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"கடைசி அடியச் சொல்லுங்கம்மா" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். சொன்னாய்.

"இதுல ஒங்க பேரு எங்க இருக்கு?"

"சாமி பேரு இருக்குங்கய்யா."

"அப்ப இது சாமி பாட்டு. எங்க புலவரும் வேலன் பக்தர்தான். வேலன் அறிவான்னு பாட்டே சொல்லுதே, வேலன் வந்து சாட்சி சொல்லட்டும்."

கோர்ட்டே சிரித்தது. "பாடிக் காட்டட்டுங்களாய்யா?" என்று ஜட்ஜைக் கேட்டாய். பாடத் தெரிவதும் கட்டியதும் ஒன்றல்ல என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். நான் சாட்சி சொன்னேன். கூடப்பிறந்தவன் வேறென்ன சொல்வான் என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்ததும் "அம்மாவுக்கு அழுததுக்குமாடா சாட்சி வேணும்?" என்றாய்.

தோற்றது மட்டும் என்றால் தாங்கியிருப்பாய். இனி நீ அந்தப் பாட்டை மேடையில் பாடக்கூடாது என்று தடையும் வாங்கிவிட்டார்களே! சோழவந்தானில் அந்தக் காட்சி வந்ததும் சனங்கள் விடவில்லை. "அந்தப் பாட்ட எடுத்துவிடு தாயி" என்று ஒரே கூச்சல். நீ கைகூப்பி நின்றாய். என் விரல்கள் பழக்கத்தில் மெட்டைத் தொட்டுவிட்டன. அவ்வளவுதான், கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் பாடினார்கள். நீ மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாய். அதன் பிறகு வீட்டில்கூட நீ அதைப் பாடவில்லை. காய்ச்சல் வந்து படுத்தபோது, "ஒரு தடவை பாடுக்கா" என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாய். அந்தப் படுக்கையிலேயே போயும்விட்டாய்.

பிளேட்டில் கடைசிச் சரணமே இல்லை, தெரியுமா? இடம் போதவில்லையாம். உன் பெயர்தான் இல்லை என்றால் வேலனையும் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

நம் மிருதங்கக்காரர் நேற்று ஒரு யோசனை சொன்னார். "மாப்ள, இம்புட்டு வருத்தப்படுறியே, ஒங்கக்கா பேர உள்ள வச்சுப் பாடிர வேண்டியதுதான?" வீட்டுக்கு வந்து ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பாடிப் பார்த்தேன். 'பரங்கிரிக் கோமளம் அறிவாள்.' தாளம் இடறவில்லை. உனக்கென்றே விட்டுவைத்த இடம் மாதிரி அப்படியே உட்கார்ந்தது. சந்தோஷத்தில் அழுதுகொண்டே இரண்டாம் தடவை எடுத்தேன். வாய் வரவில்லை அக்கா. நீ வேண்டாம் என்று வைத்த இடத்தில் உன்னைப் பிடித்து உட்காரவைக்க நான் யார்? உன் பாட்டில் கை வைத்த இன்னொருவன் ஆகிவிடுவேனே.

அதனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். வருகிற கார்த்திகைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் போவேன். 'இது என் அக்கா கோமளம் கட்டின பாட்டு' என்று உரக்கச் சொல்லிவிட்டு, கடைசிச் சரணத்தோடு, ஒரு எழுத்து மாற்றாமல் பாடுவேன். கேஸ் போட்டால் போடட்டும். இந்த முறை சாட்சி எதிரிலேயே நிற்பான்.

அதே அம்மாவுக்கு அழுதவன்,
உன் பெட்டிக்காரத் தம்பி