சுவர் பூத்த வீடு

ஜூன் 9

என் அருமை நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நானும் வாலுவும் சுகம் என்றுதான் ஆரம்பித்தேன். வாலு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பொய் எழுதாதம்மா, எனக்கு இழுப்புன்னு எழுது" என்கிறாள். ஏழு வயதுக்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது என் தப்பு. ஆமாம், மூன்று மாதமாக விட்டு விட்டு மூச்சிழுப்பு வருகிறது. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "என்ன அண்ணி?" என்று கேட்ட உடனே நான் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவேன். பழக்கதோஷம்.

தையல் வேலை குறைவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், மிஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மழை விடாததால் துணியெல்லாம் உள்ளேதான் காய்கிறது.

இன்னொன்று. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே சுவரோரம் பூத்திருக்கிறது. நன்றாகவே பூத்திருக்கிறது. நேரில் பார்த்தால் அசந்துபோவாய். உன் வீடு, நான் வாடகைக்கு இருப்பவள், உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, அதனால் எழுதினேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

—

ஜூன் 27

அண்ணீ!

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். கடைசிப் பத்தியைப் பார்த்ததும் கத்திவிட்டேன். என்னோடு வேலை செய்கிற அக்கா, ரத்தம் வைத்த கண்ணாடிக் குப்பியைத்தான் உடைத்துவிட்டேனோ என்று ஓடி வந்தார்.

அண்ணன் நட்ட செடி பூத்துவிட்டதா! "சுவரோரமா ஒண்ணு வச்சிருக்கேன், பேரு தெரியல, ஆனா பெரிய ஆளா வரும் பாரு" என்று போட்டோ அனுப்பியிருந்தானே, அதுதானே? அவன் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மொட்டுகூட விடாத செடி! நீங்கள் தினமும் இரண்டு குடம் ஊற்றியது வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

என்ன நிறம்? வாசனை உண்டா? பூக்கிற நேரத்தில் வேர் காயக் கூடாதாம், என்னோடு வேலை செய்கிற அக்கா சொல்கிறார். இன்னும் ஒரு குடம் சேர்த்து ஊற்றுங்கள், ப்ளீஸ். எனக்காக.

வாலுவின் இழுப்பைப் பற்றி டாக்டர் என்ன சொல்கிறார்? அத்தை சொன்னேன் என்று ஒரு முத்தம் கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்

—

ஜூலை 15

அடி என் கூறுகெட்ட நாத்தனாரே,

சிரித்தேன், பிறகு அழுதேன். பூத்தது செடி இல்லை, சுவர்! ஊறுகாய் பூத்துப்போச்சு என்று சொல்வோமே, அந்தப் பூ. நீ போய் இருக்கிற நாடு உன் தமிழை நன்றாகவே தின்றிருக்கிறது. நானும் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். நான் வெறும் வாடகைக்காரியாக இருந்தால் ஒரே போனில் சண்டை போட்டிருப்பேன். வெறும் அண்ணியாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். இரண்டுமாக இருந்து தொலைக்கிறேன்.

படுக்கையறையில், வாலு தலைவைத்துப் படுக்கிற பக்கம். முதலில் ஒரு புளியங்கொட்டை அளவு கறுப்பு. துடைத்தேன். மறுபடி வந்தது. வெள்ளையடித்தேன். வெள்ளைக்கு மேலேயே ஏறி வந்தது. யாராவது வந்தால் பார்த்துவிடுவார்களே என்று பீரோவை நகர்த்தி மறைத்தேன். போன வாரம் பீரோவை இழுத்துப் பார்த்தேன். அம்மாடி! இடுப்புயரத்துக்குப் பூஞ்சணம். நடுவில் கறுப்பு, சுற்றிலும் பச்சை, ஓரத்தில் சாம்பல். கை தேர்ந்தவள் போட்ட கோலம் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பயந்துபோய்ப் பார்த்தேனா, ரசித்துப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "முதல்ல வீட்ட மாத்துங்க, அப்புறம் மருந்த மாத்தலாம்" என்கிறார். இது உன் அண்ணன் வாழ்ந்த வீடு. இதைவிட்டுப் போவதா என்று நினைத்தாலே நெஞ்சடைக்கிறது. இன்னொரு பக்கம் பிள்ளையின் நெஞ்சடைக்கிறது. மழை விட்டதும் வேறு வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

லேபில் பூதக்கண்ணாடி வைத்து என்னென்னவோ பார்ப்பாயே, இதையும் பார்த்துச் சொல். செலோடேப்பால் ஒற்றி எடுத்து, கண்ணாடித்தாளில் ஒட்டி, பாலிதீன் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூக்கைக் கட்டிக்கொண்டு பிரி.

உன் அண்ணி

—

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை முடிந்ததும் உங்கள் செலோடேப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். துப்புரவு செய்கிற அம்மா விளக்கை அணைக்க வந்தபோதுதான் தலையைத் தூக்கினேன்.

எப்படிச் சொல்வேன்? அது ஒரு காடு. தண்டு, கிளை, கிளையில் கிளை. ஒவ்வொரு நுனியிலும் வித்துகள், மணி கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. தேன் நிறத்தில் சில, பாசி நிறத்தில் சில. இருபது வருஷமாகக் கண்ணாடிக்குள் பார்க்கிறேன், எல்லாம் நோயாளியின் ரத்தமும் சளியும்தான். என் சொந்த வீட்டுச் சுவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில் எண்ண ஆரம்பித்து முந்நூறில் விட்டுவிட்டேன். நம் வீட்டில் இதைப் "பூத்திருக்கு" என்று முதலில் சொன்னது யாரோ, கண்ணாடியே இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்களோ! எனக்குப் புல்லரித்துவிட்டது அண்ணி.

அப்புறம்தான் உறைத்தது. இந்த மணிகளைத்தான் வாலு மூச்சில் இழுக்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், வித்தெல்லாம் பறக்கும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அந்தத் துணியை உறையில் கட்டி எறியுங்கள். வாலு அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும், இனிமேல் முன்னறையில் படுக்கட்டும். பீரோ சுவரைவிட்டு நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டும். ஈரத்துணி உள்ளே வேண்டாம். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். வெள்ளையடித்தால் உங்களோடு பேச மாட்டேன்.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் எத்தனை தடவை துடைத்தாலும் வரும். கூரை ஒழுகினால் மேலிருந்து இறங்கியிருக்கும். நீங்களோ இடுப்புயரம் என்கிறீர்கள். கீழிருந்து ஏறுகிறது. அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது? போய்ப் பார்த்து உடனே எழுதுங்கள்.

நாத்தனார்

—

செப்டம்பர் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. துடைத்தேன், ஜன்னல் திறந்தேன், பீரோவை நகர்த்தினேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுத முடியவில்லை.

வெளிப்பக்கம் செடி இருக்கிறது. அவர் நட்ட செடி. வேருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று மண்ணைச் சுவரோடு சேர்த்து இடுப்புயரம் குவித்தாரே, அதே உயரம்தான் உள்ளே கறுப்பு.

உன்னிடம் இரண்டு குடம் என்று சொல்லியிருக்கிறேன். அது நல்ல நாள் கணக்கு. அவர் நினைப்பு வந்தால் இன்னொரு குடம். அழுகை நிற்காவிட்டால் இன்னொன்று. வாலுவுக்கு முன்னால் அழக்கூடாது என்று அங்கே போய் நின்று ஊற்றிக்கொண்டே அழுவேன். மூன்று வருஷம். அத்தனையையும் செடி குடிக்கிறது என்று நினைத்தேன். சுவர் குடித்திருக்கிறது. பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது.

என் கையாலேயே செய்திருக்கிறேன். பெற்றவள் நான்.

அண்ணி

—

செப்டம்பர் 29

வாடகைக்காரியின் கவனத்துக்கு,

வீட்டுச் சொந்தக்காரி எழுதுவது. மேற்படி சுவரோரம் குவித்திருக்கும் மண்ணை உடனடியாக அகற்ற வேண்டும். அதற்காகச் செடியை வெட்ட நேர்ந்தால் வெட்டிவிடலாம். உத்தரவு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது.

இனி நாத்தனார் பேசுகிறேன். மண்ணைக் குவித்தது என் அண்ணன். இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொன்னது நான். நீங்கள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டால் எப்படி? எங்கள் பங்கையும் கொடுங்கள். நீங்கள் ஊற்றியது விஷமில்லை அண்ணி, தண்ணீர். பிரியத்தில் ஊற்றியது. அது போகும் வழி தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

செடியை வெட்டினால் அண்ணன் கோபித்துக்கொள்வானா என்றுதானே தயங்குகிறீர்கள்? அவனுக்கு மகளைவிடச் செடி பெரிதா? உயிரோடு இருந்திருந்தால் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு அவனே வெட்டியிருப்பான். வாலு நடக்கிற நடையில் ஒரு கல் தடுக்கினாலும் அந்தக் கல்லோடு சண்டைக்குப் போகிறவன்.

ஆள் வைத்துச் செய்யுங்கள். தனியாக நிற்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

—

நவம்பர் 20

என் தங்கமே,

உன் உத்தரவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மண்வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. சுவரோரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், வேர் அறுபடும் சத்தம் கேட்கும் என்று. ஒன்றும் கேட்கவில்லை.

"யம்மா, இங்க வந்து பாருங்க. இந்தப் பக்கம் ஒரு வேர்கூட இல்ல!"

உண்மைதான். குவித்த மண் முழுக்க வெறும் சேறு. வேரெல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முற்றத்துக்கு அடியில் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது. எங்கேதான் போகிறது என்று அவரும் விடாமல் கிளறிக்கொண்டே போனார். இருபதடி தள்ளித் துணி துவைக்கிற கல், எப்போதும் ஈரம் நிற்கிற இடம். அந்தக் கல்லைச் சுற்றிக் கட்டிப்பிடித்த மாதிரி வேர். "இதுக்கு யாரும்மா தண்ணி ஊத்துனது? இது அதுபாட்டுக்கு வேணுங்கறதக் குடிச்சுக்கிட்டில்ல இருந்திருக்கு!" என்றார். நான் அழுது ஊற்றிய ஒரு சொட்டுகூட அதற்குத் தேவைப்படவில்லையடி. மூன்று வருஷமாக அது தன் வழியைத் தானே தேடிக்கொண்டு போயிருக்கிறது. மண்ணுக்கடியில், கண்ணும் இல்லாமல், யாரையும் கேட்காமல்! நீ கண்ணாடிக்குள் பார்த்துப் புல்லரித்தேன் என்றாயே, எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

செடியை வெட்டவில்லை. மண்ணை மட்டும் அள்ளிவிட்டோம். சுவர் வெயில் பார்த்து நான்கு வாரம் ஆகிறது. கையை வைத்தால் உலர்ந்து சொரசொரவென்று இருக்கிறது. கறுப்பு திரும்பவில்லை. தினம் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போய், ஞாபகம் வந்து திரும்பி வருகிறேன். கை சும்மா இருக்கக் கஷ்டமாக இருக்கிறது. அது பழகிவிடும்.

வேறு வீடு பார்க்கவில்லை. வாடகைக்காரி காலி செய்வதாக இல்லை என்று சொந்தக்காரிக்குத் தெரிவிக்கவும்.

இன்று மத்தியானம் வாலு முற்றத்தைச் சுற்றி ஓடினாள். நிறுத்தடி என்று நான் கத்தக் கத்தப் பதினொரு சுற்று. வேர்த்து விறுவிறுத்து என் மடியில் வந்து விழுந்தாள். பயந்துபோய் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். இழுப்பு இல்லை. காற்று போகிறது, வருகிறது, அவ்வளவுதான். "என்னம்மா கேக்குது?" என்றாள். "ஒண்ணும் கேக்கலடி" என்றேன். ஒன்றும் கேட்காததை அவள் தூங்கிப்போகும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணி