கட்டிலுக்கடியில் டின் மீன்

வெள்ளி, இரவு.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எத்தாளையில் போட் வைத்திருப்பவரின் பெண்டாட்டி நான், புத்தளத்துக் கடையில் பாதி விலை என்றதும் ஒரு பெட்டி டின் மீன் வாங்கி, இவருக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தெரிந்தால் மானம் போச்சு என்று குதிப்பார்.

பகல் சாப்பாட்டுக்கு இவருடைய தங்கை வந்திருந்தாள். அவள் வாயில் விழுந்த கதை அஸர் தொழுகைக்குள் பக்கத்து ஊர் குறிஞ்சிப்பிட்டிக்குப் போய்விடும். கறியைத் தொட்டதுமே கேட்டாள்.

"காத்துக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போகல்லையே மதினி. உங்கட சட்டியில மட்டும் எங்கால மீன்?"

இவர் தலை நிமிராமல், "ஐஸ் பெட்டியில கிடந்த மீன். பேசாமத் தின்னு" என்றார்.

எங்கள் ஐஸ் பெட்டி எப்போதோ காலி. இப்போதுதான் கட்டிலுக்கடியில் பார்த்தேன். கறிக்கு நான் எடுத்தது ஒரு டின். பெட்டியில் மூன்று குறைகிறது.